சிலிகான் குழாயில் வெள்ளி நானோ பூச்சு: டி.எஸ்.பி. வளர்ப்புக் குழம்பில் (டிரிப்டிக் சோய் பிராத்) வேலை செய்கிறது, செயற்கைச் சிறுநீரில் வெறும் குழாயைவிட மோசம். ஏன்?

குழாய்த்துண்டு கேட்டது:

சிறுநீர்க் கதீட்டருக்கான சிலிகான் குழாயில் வெள்ளி நானோதுகள் பூசி, பயோஃபிலிம் (பாக்டீரியா ஒட்டி உண்டாக்கும் படலம்) கட்டுவதைத் தடுக்கிறதா என்று பார்க்கிறேன். செய்முறை சுருக்கமாக:

1. 10 செ.மீ. குழாயை ஐசோபுரொப்பனாலில் 10 நிமிடம் சோனிகேட் (மீயொலியால் அதிர்த்தல்) செய்து கழுவுகிறேன்.
2. டோபமைன் ஹைட்ரோகுளோரைடு 2 மி.கி./மி.லி., 10 மி.மோலார் டிரிஸ் (பி.எச்.ஐ நிலையாக வைப்பது), பி.எச். 8.5. அறை வெப்பத்தில் 24 மணி நேரம், பீக்கரில் படுக்க வைத்து ஊறவிடுகிறேன். டோபமைன் பாலிடோபமைன் படலமாகப் படிந்து குழாய் கரும்பழுப்பாகிறது.
3. தண்ணீரில் ஒரு முறை அலசி, 50 மி.மோலார் சில்வர் நைட்ரேட்டில் 18 மணி நேரம், இருட்டில்.
4. பி.பி.எஸ்.ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) மூன்று முறை அலசி, காயவைத்து, 1 செ.மீ. துண்டுகளாக வெட்டுகிறேன். யூ.வி.யில் 30 நிமிடம்.

சோதனை 24 குழித் தட்டில், குழிக்கு 1 மி.லி., மி.லி.க்கு 10⁶ செல்கள், 37 டிகிரி. டி.எஸ்.பி.யில் ஈ. கோலை, ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் இரண்டுக்கும் 24 மணி நேரத்தில் நல்ல பலன். செயற்கைச் சிறுநீரில் புரோட்டியஸ் மிராபிலிஸ் போட்டு 72 மணி நேரம் விட்டால், பூசிய துண்டில் கிரிஸ்டல் வயலட் சாய அளவீடு (ஒட்டியிருப்பதன் அளவைக் காட்டுவது) வெறும் சிலிகானைவிட அதிகம்! அதே துண்டுகளை சோனிகேட் செய்து தட்டில் பரப்பினால் சில சமயம் காலனியே வருவதில்லை. இரண்டில் எதை நம்புவது? அலசிய தண்ணீரில் சாம்பல் நிறத் தூள் இறங்குவதும் சரியா?

அகார்_தட்டு பதில்:

இரண்டையுமே இப்போதைக்கு நம்ப வேண்டாம். அளவீட்டிலேயே நான்கு ஓட்டைகள் தெரிகின்றன.

முதலாவது, கிரிஸ்டல் வயலட். அது உயிருள்ள செல், செத்த செல், மேட்ரிக்ஸ் (செல்களைப் பிணைக்கும் பசை), புரதப் படலம் எல்லாவற்றிலும் ஒட்டும். பாலிடோபமைனிலும் ஒட்டும். பாக்டீரியா இல்லாத மீடியாவில் அதே நேரம் ஊறிய பூசிய துண்டுக்கும் சாயமேற்றி, 30 சதவீத அசெட்டிக் அமிலத்தில் கரைத்து அளந்தீர்களா? வெறும் சிலிகானின் பிளாங்கை, அதாவது பாக்டீரியா இல்லாத துண்டின் அளவீட்டை, பூசிய துண்டிலிருந்து கழித்தால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். ஒவ்வொரு பரப்புக்கும் அதற்குரிய பிளாங்க் வேண்டும். சாயம் 0.1 சதவீதம், 10 முதல் 15 நிமிடம் போதும். அதன்பிறகு அலசிய நீர் நிறமற்றுப் போகும்வரை கழுவுங்கள். கரைசலைப் புதிய தட்டுக்கு மாற்றிய பிறகே படியுங்கள். துண்டை உள்ளே வைத்துக்கொண்டு படித்தால் ஒளிக்கற்றையை அதுவே மறிக்கும்.

இரண்டாவது, காலனி வராதது. துண்டிலிருந்து வெள்ளி கரைசலுக்குள் வந்து, நீர்க்கும்போதும் அகார் மேலும் கொன்றுகொண்டே இருக்கிறது. குழாய் மேல் சாகாதது தட்டில் சாகிறது. நடுநிலையாக்கி (வெள்ளியின் வேலையை நிறுத்தும் பொருள்) இல்லாமல் வெள்ளியோடு செய்த எந்த காலனிக் கணக்கும் செல்லாது. டே-எங்லி நடுநிலையாக்கிக் குழம்பில் தயோகிளைகோலேட் 0.1 சதவீதமும் தயோசல்ஃபேட் 0.6 சதவீதமும் இருக்கும். சோனிகேட் செய்வதே அதில்தான் நடக்க வேண்டும், பி.பி.எஸ்.ஸில் அல்ல. அதற்கு முன் நடுநிலையாக்கியைச் சோதியுங்கள்: (அ) வெறும் சலைனில் சுமார் 100 செல்கள், (ஆ) நடுநிலையாக்கியில் மட்டும் 100 செல்கள், (இ) நடுநிலையாக்கியில் பூசிய துண்டை சோனிகேட் செய்து, அதன்பிறகு 100 செல்கள். (ஆ), (இ) இரண்டும் (அ)வில் வந்ததில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் மீண்டால் மேலே போகலாம்.

"காலனியே இல்லை" என்பதையும் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். 1 மி.லி.யில் 0.1 மி.லி. பரப்பினால் உங்களால் காண முடிந்த குறைந்த அளவு துண்டுக்கு 10 காலனி. "10-க்குக் கீழ்" என்பதுதான் சரி.

மூன்றாவது, வெட்டு முனை. இதைத்தான் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பூசிய பிறகு வெட்டினால் இரண்டு முனைகளிலும் பூச்சே இல்லாத, கத்தி பட்டுச் சொரசொரத்த சிலிகான் வளையம் கிடைக்கிறது. பாக்டீரியா முதலில் பிடிப்பது அதைத்தான். சாயமேற்றிய துண்டை நுண்ணோக்கியில் முனைப் பக்கமாகத் திருப்பிப் பாருங்கள், ஊதா வளையம் பளிச்சென்று தெரியும். 1 செ.மீ. துண்டில் அந்த வளையம் கணிசமான பங்கு. வெட்டிவிட்டுப் பூசுங்கள்.

நான்காவது, அலசும் விதம். துண்டை இடுக்கியால் தூக்கி வேறு குழிக்கு மாற்றும்போது, நீர்ப்பரப்பைக் கடக்கும் அந்த ஒரு கணத்தில் தளர்வான செல்கள் உரிந்துவிடும். பாலிடோபமைன் பரப்பு நீரை விரும்பும், சிலிகான் வெறுக்கும். ஆக இரண்டிலும் உரியும் அளவு வேறு. துண்டை அசைக்காமல், குழியில் உள்ள திரவத்தை ஓரமாகப் பாதி உறிஞ்சி, பாதி நிரப்பி, ஐந்து முறை மாற்றுங்கள். சிரமம்தான், ஆனால் துண்டுக்குத் துண்டு வரும் ஏற்ற இறக்கம் பாதிக்கு மேல் இதில் அடங்கும்.

புரோட்டியஸுக்கு ஒரு கூடுதல் தொல்லை: சாதாரண அகாரில் அலை அலையாகப் படர்ந்து காலனிகளை எண்ணவே விடாது. சி.எல்.இ.டி. அகார் பயன்படுத்துங்கள். அதில் உப்பு குறைவு, படராது.

வெள்ளிக்கூழ் பதில்:

பூச்சுப் பக்கம் பேசுகிறேன்.

சாம்பல் தூள் சரியல்ல. படுக்க வைத்து 24 மணி நேரம் ஊறவிட்டால் கரைசலில் திரளும் பாலிடோபமைன் உருண்டைகள் மேல்பக்கத்தில் வந்து உட்காரும். ஒரு முறை மட்டும் அலசிவிட்டு வெள்ளியில் போடுகிறீர்கள். அந்தத் தளர்ந்த உருண்டைகளும் வெள்ளியைப் பிடித்துக்கொள்கின்றன. அதுதான் பிறகு தூளாக இறங்குகிறது. துண்டுகளை ஊசியிலோ மெல்லிய டெஃப்லான் கம்பியிலோ கோத்துச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். கரைசலை மிதமாகக் கலக்குங்கள். பாத்திரத்தை மூடாதீர்கள், டோபமைன் பலபடியாகக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். வெளியே எடுத்ததும் தண்ணீரில் 5 நிமிடம் சோனிகேட் செய்து, தண்ணீரை மாற்றி இன்னொரு முறை. போக வேண்டியது அப்போதே போகட்டும். 24 மணி நேரத்தில் ஒட்டி நிற்கும் படலம் 50 நானோமீட்டர் அளவுதான். கண்ணுக்குக் கருப்பாகத் தடித்துத் தெரிந்தால் அது படலமல்ல, படிவு.

இந்த அலசலில் டிரிஸும் போக வேண்டும். அது வெள்ளி அயனியோடு பிணையும், கூடவே டோபமைன் ஹைட்ரோகுளோரைடின் குளோரைடும் துண்டில் தங்கியிருக்கும். சில்வர் நைட்ரேட்டில் போட்டதும் பால் போலக் கலங்கினால் சில்வர் குளோரைடு விழுகிறது என்று அர்த்தம். அயனி நீக்கிய தண்ணீரில் குறைந்தது ஐந்து முறை மாற்றுங்கள்.

பெரிய தப்பு நான்காவது படியில் இருக்கிறது: பி.பி.எஸ்.ஸில் அலசுவது. அதில் குளோரைடு சுமார் 140 மி.மோலார். துகள் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளி அயனி எல்லாம் அங்கேயே குளோரைடாகிவிடும். நீங்கள் சோதிப்பது உலோக வெள்ளியையா, சில்வர் குளோரைடையா என்றே தெரியாது. பூச்சு முடியும்வரை தண்ணீர் மட்டும். கடைசியாக 24 மணி நேரம் தண்ணீரில், இருட்டில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை யூ.வி.-விசிபிள் ஒளி உறிஞ்சல் கருவியில் ஓட்டுங்கள். 400 முதல் 420 நானோமீட்டரில் மேடு தெரிந்தால் துகளே கழன்று வருகிறது. மேடு இல்லாமல் ஐ.சி.பி.-எம்.எஸ்.ஸில் (தனிம அளவைக் காட்டும் கருவி) வெள்ளி தெரிந்தால் அயனியாகக் கரைகிறது. இரண்டும் இரண்டு வேறு நோய்கள். முதலாவதற்கு ஒட்டுதலைச் சரிசெய்ய வேண்டும், இரண்டாவது ஓரளவு வேண்டியதுதான்.

ஏன் வேண்டியது என்றால், வெள்ளி நானோதுகள் கொல்வது பெரும்பாலும் அது வெளிவிடும் அயனியால்தான். ஆக்சிஜன் பட்டு மேற்பரப்பு ஆக்சிடைஸ் ஆகி அயனி வருகிறது. துகள் சிறியதானால் பரப்பு கூடும், அயனி வேகமாக வரும், சீக்கிரம் தீர்ந்தும்போகும். அதனால் பழைய துண்டும் புதிய துண்டும் ஒன்றல்ல. பூசிய தேதியைக் குறித்து, எல்லாச் சோதனைகளையும் ஒரே வயதுள்ள துண்டுகளில் செய்யுங்கள். காயவைத்து, ஒளி படாமல், காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மம் பட்டால் சில்வர் சல்ஃபைடாகிக் கருக்கும். அதிலிருந்து அயனி ஏறக்குறைய வரவே வராது.

யூ.வி. 30 நிமிடத்தை நம்பாதீர்கள். குழாய்க்குள் ஒளி போகாது. ஆய்வகச் சோதனைக்கு 70 சதவீத எத்தனாலில் 20 நிமிடம் ஊறவைத்து, கிருமி நீக்கிய தண்ணீரில் அலசினால் போதும். உண்மைக் கருவியென்றால் எத்திலீன் ஆக்சைடு. ஆனால் சிலிகான் அந்த வாயுவை நன்றாக உறிஞ்சும், முழுக்க வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். ஆட்டோகிளேவ் செய்தால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகலாம், முன்னும் பின்னும் எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம்) எடுத்துப் பார்க்காமல் செய்ய வேண்டாம்.

குழாய்த்துண்டு:

மிக்க நன்றி. வெட்டு முனை எனக்குத் தோன்றவே இல்லை. பிளாங்க் வெறும் சிலிகானுக்கு மட்டும்தான் வைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தவறுகளெல்லாம் டி.எஸ்.பி.யிலும் இருந்தனவே? அங்கே பலன் தெரிந்து, சிறுநீரில் மட்டும் ஏன் தலைகீழ்? குளோரைடு காரணமா? வெள்ளி அளவைக் கூட்டினால் சரியாகுமா?

கல்லடைப்பு பதில்:

குளோரைடு அல்ல. டி.எஸ்.பி.யில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு, அதாவது 85 மி.மோலார் குளோரைடு. வழக்கமான செயற்கைச் சிறுநீரில் 4.6 கிராம் உப்போடு பொட்டாசியம் குளோரைடும் மற்றவையும். பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் தனி வெள்ளி அயனி நானோமோலார் அளவுக்கு இறங்கிவிடும், மீதி குளோரைடு அணைவுகளாக இருக்கும்.

நீங்கள் ஒரே நேரத்தில் மூன்றை மாற்றியிருக்கிறீர்கள்: மீடியா, பாக்டீரியா, நேரம். அதில் குற்றவாளி பாக்டீரியா. புரோட்டியஸிடம் யூரியேஸ் (யூரியாவை உடைக்கும் நொதி) இருக்கிறது. லிட்டருக்கு 25 கிராம் யூரியாவைக் கொடுத்தால் அது அம்மோனியாவாக உடைத்து பி.எச்.ஐ 6-லிருந்து 8-க்கு மேல் ஏற்றிவிடும். அந்த நிலையில் மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட்டும் கால்சியம் பாஸ்பேட்டும் படிகமாக விழும். கதீட்டரை அடைக்கும் அதே கல்தான். வெள்ளிப் பரப்பின் மேல் கல் ஒரு தோலாகப் படிந்த பிறகு, அடுத்து வரும் பாக்டீரியா உட்காருவது கல்லின் மேல். அதற்கு அடியில் வெள்ளி இருப்பதே அதற்குத் தெரியாது. மீடியாவில் மிதந்தபடி இருக்கும் புரோட்டியஸே பி.எச்.ஐ ஏற்றிவிடும், பரப்பில் ஒட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. தொட்டவரைக் கொல்லும் பூச்சு இங்கே தோற்பது அதனால்தான்.

வெறும் சிலிகானைவிட மோசமாக வந்ததற்கு என் சந்தேகம் வெள்ளி மேல் இல்லை, பாலிடோபமைன் மேல். அதன் கேட்டகால் தொகுதிகள் கால்சியத்தைப் பிடித்துவைக்கும். எலும்புப் பொருட்களில் ஹைட்ராக்சிஅபடைட் (எலும்பிலுள்ள கால்சியம் பாஸ்பேட்) வளர்க்க வேண்டுமென்றே பாலிடோபமைன் பூசுவார்கள். நீங்கள் கல் வளர நாற்றங்கால் போட்டுக் கொடுத்திருக்கலாம். உங்கள் சோதனையில் இல்லாத கன்ட்ரோல் இதுதான்: பாலிடோபமைன் உண்டு, வெள்ளி இல்லை. அது இல்லாமல் இந்த விடை கிடைக்காது.

இப்படிப் பிரித்துப் பாருங்கள். மூன்று பரப்புகள்: வெறும் சிலிகான், பாலிடோபமைன், பாலிடோபமைன்+வெள்ளி. ஒவ்வொன்றும் நான்கு சூழலில்:

– பாக்டீரியா இல்லாத செயற்கைச் சிறுநீர், பி.எச். 6.1
– பாக்டீரியா இல்லாமல் அம்மோனியா சேர்த்து பி.எச். 8.5-க்கு ஏற்றியது
– புரோட்டியஸ்
– புரோட்டியஸ் + அசிட்டோஹைட்ராக்சாமிக் அமிலம் (யூரியேஸை முடக்கும், 1 மி.கி./மி.லி.யில் தொடங்கலாம், பி.எச். ஏறவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்துங்கள்)

இரண்டாவது சூழலிலேயே பாலிடோபமைன் துண்டுகளில் வெள்ளையாகப் படிந்தால் பாக்டீரியாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்காவதில் பூச்சு மறுபடி வேலை செய்தால் கல்தான் காரணம் என்பது உறுதி. கல் உள்ள துண்டில் கிரிஸ்டல் வயலட் பயனற்றது, படிக இடுக்குகளில் சாயம் தேங்கும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் படிவைக் கரைத்து கால்சியம், மக்னீசியம் அளவிடுங்கள்.

சின்ன விஷயம்: யூரியாவை ஆட்டோகிளேவ் செய்யாதீர்கள், சூட்டில் உடைந்து அம்மோனியா வந்துவிடும், பாக்டீரியா போடும் முன்பே பி.எச். ஏறியிருக்கும். 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துச் சேருங்கள்.

வெள்ளிக்கூழ்:

கல்லடைப்பு சொன்ன பாலிடோபமைன் விஷயம் சரி. ஒரு திருத்தம் மட்டும்: வெள்ளி முழுக்க மூடிய பரப்பில் கேட்டகால் வெளியே தெரிவது குறைவு. இங்கே தூள் இறங்குகிறது என்பதால் ஆங்காங்கே வெறும் பாலிடோபமைன் திறந்து கிடக்கும் என்பது என் ஊகம். ஒட்டுதல் சரியானதும் இந்த "மோசம்" குறைந்தால் அதுவே பதில்.

கல்லடைப்பு:

இருக்கலாம். கன்ட்ரோல் துண்டு சொல்லட்டும்.

மருத்துவப்பொருள் பதில்:

"வெள்ளியைக் கூட்டலாமா" என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. காகிதத்தில் ஒரு கணக்குப் போடுங்கள்.

16 ஃபிரெஞ்ச் (குழாய்ப் பருமனின் அலகு) கதீட்டர், 40 செ.மீ. நீளம். உள்துளை விட்டம் 2.7 மி.மீ. என்று வைத்தால் உள்பரப்பு சுமார் 34 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 5 மைக்ரோகிராம் வெள்ளி இருந்தால் மொத்தம் 170 மைக்ரோகிராம். நாளுக்கு 1.5 லிட்டர் சிறுநீர் அதன் வழியே போகிறது. இருக்கிற வெள்ளி முழுவதும் ஒரே நாளில் கரைந்தாலும் மி.லி.க்கு 0.11 மைக்ரோகிராம். ஏழு நாளுக்குப் பரப்பினால் 0.016.

இப்போது உங்கள் குழித் தட்டு. 1 செ.மீ. துண்டு, உள்ளும் வெளியும் சேர்த்து சுமார் 2.5 சதுர செ.மீ., 1 மி.லி. மீடியா. அதே பூச்சு முழுக்கக் கரைந்தால் 12 மைக்ரோகிராமுக்கு மேல். நூறு மடங்குக்கும் அதிகம்! அந்தத் தேங்கிய 1 மி.லி.யில் நீங்கள் பார்ப்பது பயோஃபிலிம் தடுப்பு அல்ல. மிதக்கும் இனாக்குலத்தையே (நீங்கள் போட்ட பாக்டீரியாவையே) கொன்றுவிட்டால் ஒட்டுவதற்கு ஆள் ஏது? டி.எஸ்.பி.யில் வந்த நல்ல பலனிலும் இதற்குப் பங்கு இருக்கலாம். சோதிப்பது எளிது: 24 மணி நேர முடிவில் குழியின் திரவத்தையும் நடுநிலையாக்கியில் சேர்த்து அகார் தட்டில் பரப்பி எண்ணுங்கள். மிதக்கும் எண்ணிக்கையும் விழுந்திருந்தால் அது கசிவுக் கொலை. மிதப்பது நிறைய இருந்து, பரப்பில் மட்டும் குறைந்திருந்தால்தான் "ஒட்டாமல் தடுக்கிறது" என்று எழுதலாம். அகாரில் பாக்டீரியா வளராத தடுப்பு வட்டத்தை அளந்து பயோஃபிலிம் முடிவு எழுதுவதும் இதே பிழைதான். ஐ.எஸ்.ஓ. 22196 என்ற பரப்புச் சோதனைத் தரமும் பயோஃபிலிம் சோதனை அல்ல: மெல்லிய படலத்துக்கு அடியில், 500 மடங்கு நீர்த்த குழம்பில், 24 மணி நேரம். வெள்ளிக்கு அதைவிட வசதியான சூழல் கிடையாது.

எனவே ஓட்டத்தில் சோதியுங்கள். பெரிஸ்டால்டிக் பம்ப், 37 டிகிரி, நிமிடத்துக்கு 0.5 மி.லி., புதிய மீடியா ஒரு பக்கம் வந்து மறுபக்கம் கழிவுக்குப் போக வேண்டும், சுற்றிவரக் கூடாது. சுற்றிவந்தால் அதுவும் தேங்கிய குழிதான், கொஞ்சம் பெரியது அவ்வளவே. நாளுக்கு 720 மி.லி. மீடியா செலவாகும், தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பம்புக்கும் துண்டுக்கும் இடையே சொட்டுத் தடை (மீடியா சொட்டுச் சொட்டாக விழும் இடைவெளி) வையுங்கள், இல்லையென்றால் புரோட்டியஸ் ஓட்டத்தை எதிர்த்து ஏறி மீடியா பாட்டிலுக்கே போய்விடும்.

வெள்ளியைக் கூட்டுவதன் மறுபக்கம் நச்சு. ஐ.எஸ்.ஓ. 10993-5 படி செல் உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு என்று கொள்வார்கள். சாறு எடுக்கும் விகிதம் 10993-12-இல் இருக்கிறது: 0.5 மி.மீ.க்கு மேல் தடித்த பொருளுக்கு மி.லி.க்கு 3 சதுர செ.மீ. எம்.டி.டி. சோதனையில் (செல் உயிர்ப்பை நிறத்தால் அளப்பது) துகள் கழன்று வந்தால் நிறமே பொய் சொல்லும், செல் இல்லாமல் துகள்+எம்.டி.டி. மட்டும் வைத்து ஒரு கன்ட்ரோல் கட்டாயம். இது ஏட்டுப் பயம் அல்ல. தையல் வளையத்தில் வெள்ளி பூசிய செயற்கை இதய வால்வு ஒன்று, வால்வைச் சுற்றிக் கசிவு கூடியதால் 2000 ஜனவரியில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கிருமி ஒட்டாமல் இருக்கப் பூசியது, திசுவையும் ஒட்டவிடவில்லை என்பதுதான் எழுந்த சந்தேகம்.

சிறுநீர்க் கதீட்டரிலேயே பாருங்கள். 2012-இல் லான்செட்டில் வந்த பிரிட்டன் சோதனையில், 7,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, குறுகிய காலக் கதீட்டரில் வெள்ளிக்கலவை பூசியதையும் சாதாரணமானதையும் ஒப்பிட்டார்கள். அறிகுறியுள்ள தொற்று 12.5 சதவீதம், 12.6 சதவீதம். அது நானோ பூச்சு அல்ல, உலோகக்கலவை. ஆனாலும் குழித் தட்டில் ஜெயித்தது சிறுநீர்ப்பையில் ஜெயிக்கும் என்று எழுதும் முன் இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள்.

வெள்ளியைக் கூட்டுவதைவிட, மேலே சல்ஃபோபீட்டெயின் போன்ற நீரை இறுகப் பிடிக்கும் பலபடி ஒன்றை ஒட்டுங்கள். புரதமும் செல்லும் ஒட்டுவதை அது குறைக்கும், தப்பி ஒட்டும் சிலவற்றுக்கு மட்டும் வெள்ளி போதும். பாலிடோபமைன் ஏற்கெனவே இருப்பதால் தயோல் அல்லது அமீன் முனையுள்ள பலபடி நேரடியாகப் பிணையும். வெள்ளி போட்ட பிறகு தயோலைப் போட்டால் அது வெள்ளியையும் பிடித்து அயனி வெளியீட்டை மட்டுப்படுத்தும், அமீன் முனை பாதுகாப்பு.

அகார்_தட்டு:

அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு ஒன்று சேர்க்கிறேன். ஓட்டச் சோதனைக்கு நீளமான குழாய் வேண்டும், அப்போது உள்துளைப் பூச்சுதான் தலைவலி. முக்கி எடுத்தால் உள்ளே காற்றுக்குமிழி நிற்கும். அந்த இடம் பூச்சில்லாத வெள்ளைத் திட்டாக இருக்கும், வெளியிலிருந்து தெரியாது. குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, சிரிஞ்சு பம்பால் கீழிருந்து மேலாக மெதுவாகத் தள்ளுங்கள். டோபமைன் கரைசலை அரை மணிக்கு ஒரு முறை புதிதாகத் தள்ளினால் உள்ளே ஆக்சிஜன் தீராது. முடிந்ததும் ஒரு குழாயைப் பலி கொடுத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். பழுப்பு நிறம் முனை முதல் முனை வரை ஒரே சீராக இல்லையென்றால் அந்தத் தொகுதியைச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

குழாய்த்துண்டு:

பழைய துண்டு ஒன்றை இப்போதுதான் பிளந்தேன். நடுவில் விரல்நகம் அளவுக்கு வெள்ளைத் திட்டு. மொத்தத் தொகுதியையும் ஒதுக்கிவிட்டேன். முதலில் மூன்று பரப்பு, நான்கு சூழல் சோதனை, பாக்டீரியா இல்லாத இரண்டிலிருந்து தொடங்குகிறேன். பி.எச். 8.5 துண்டுகளின் கால்சியம் அளவு வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.